அப்டேட்டுக்குப் பிறகு இணைப்பு போனால்: எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கும் வழி

இரவில் அப்டேட் ஓடி முடிந்து கணினி தானாகவே மறுபடி எழுந்திருக்கும். காலையில் திறந்தால் வைஃபை குறி இருந்த இடத்தில் ஓர் உலக உருண்டை நிற்கும். சில நேரம் இணையம் நன்றாகவே ஓடும், ஆனால் நேற்றுவரை அச்சடித்த பிரிண்டரைக் காணோம். பகிர்ந்து வைத்த ஃபோல்டர் திறக்காது. அலுவலக விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழையும் பாதுகாப்பான வழி) கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கும்.

அந்தப் பதற்றத்தில் பலரும் தேடலில் கிடைக்கும் கட்டளைகளை ஒன்றுவிடாமல் அடித்துப் பார்க்கிறார்கள். இணைப்பு வந்துவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாது. வராவிட்டால் பழைய கோளாறோடு புதிதாக இரண்டு சேர்ந்திருக்கும். கிணற்றில் தண்ணீர் இல்லையா, கயிறு அறுந்ததா, வாளி ஓட்டையா என்று பார்த்துவிட்டுத்தானே கை வைக்க வேண்டும்? இங்கேயும் அதே வரிசைதான். அறுந்த இடத்தை முதலில் கண்டுபிடியுங்கள். அது தெரிந்துவிட்டால் சரிசெய்யும் வேலை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

கை வைப்பதற்கு முன்

ஒரு தாளை எடுத்து மூன்று விஷயங்களை எழுதுங்கள்: எது ஓடவில்லை, எது ஓடுகிறது, திரையில் வரும் பிழைச் செய்தி என்ன. பிழைச் செய்தியை எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள், அல்லது கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "நெட் வரலை" என்பது எல்லாக் கோளாறுக்கும் பொருந்தும். "வைஃபை இணைந்திருக்கிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை" என்று எழுதும்போதே பாதி வழி வந்துவிட்டீர்கள்.

அடுத்து, உண்மையில் அப்டேட் நடந்ததா என்று பாருங்கள். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸுக்குள் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அப்டேட் ஹிஸ்டரி. அங்கே ஃபீச்சர் அப்டேட் (விண்டோஸின் புதுப் பதிப்பு), குவாலிட்டி அப்டேட் (வழக்கமான திருத்தங்கள்), டிரைவர் அப்டேட் (டிரைவர் என்பது கணினியின் ஓர் உறுப்பை இயக்கும் சிறு மென்பொருள்) என்று தனித்தனியாகப் பிரித்திருப்பார்கள். நேற்றைய தேதியில் டிரைவர் பட்டியலில் வைஃபை அல்லது ஈதர்நெட் (கம்பி இணைப்பு) பெயர் இருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். குவாலிட்டி அப்டேட் என்றால் பக்கத்தில் 'கேபி' என்று தொடங்கும் எண் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பிறகு கைப்பேசியை எடுத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் இணைத்து ஒரு தளத்தைத் திறங்கள். கைப்பேசியிலும் வரவில்லை என்றால் கோளாறு ரௌட்டரிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. அப்டேட்டும் இணையத் தடையும் ஒரே நாளில் வருவது அபூர்வமில்லை. இந்த ஒரு சோதனையைத் தள்ளிப்போட்டு, நல்ல நிலையில் இருந்த கணினியை மணிக்கணக்கில் நோண்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கணினிக்கு மட்டும்தான் கோளாறு என்று உறுதியானால், அவசர வழி ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் செருகி, அதன் அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை (கைப்பேசியின் இணையத்தைக் கம்பி வழியே கணினிக்குத் தரும் வசதி) இயக்குங்கள். விண்டோஸும் பெரும்பாலான லினக்ஸ் வகைகளும் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். வைஃபை டிரைவர் செத்துப்போன கணினியில் புது டிரைவரை இறக்க இதைவிட எளிய வழி இல்லை. மேக் கணினிகளில் இது பொதுவாக நடக்காது.

அணைத்து எழுப்புவது வேறு, ரீஸ்டார்ட் வேறு

விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்ற வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் இயங்குதளத்தின் கருவும் டிரைவர்களும் இருந்த நிலை அப்படியே வட்டில் சேமிக்கப்படும். அடுத்த முறை அதே நிலை திரும்ப ஏற்றப்படும். குழம்பிப்போன டிரைவர் குழப்பத்தோடேயே எழுந்திருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் முழுமையாக அணையும்.

2016 டிசம்பரில் விண்டோஸ் 10 கணினிகள் பலவற்றில் திடீரென்று ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்) கிடைக்காமல் இணையம் நின்றது. அப்போது மைக்ரோசாஃப்ட் சொன்ன முதல் அறிவுரையே இதுதான்: ஷட் டவுன் செய்யாதீர்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அப்டேட்டுக்குப் பிறகு இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். முதல் முறையில் மிச்சமிருக்கும் நிறுவல் வேலை முடியும். ரௌட்டரையும் ஒரு முறை மின்சாரத்திலிருந்து பிடுங்கி, அரை நிமிடம் கழித்துச் செருகுங்கள்.

நான்கு கேள்விகள்

ரீஸ்டார்ட் பலிக்கவில்லையா? இனி கீழிருந்து மேலே ஒவ்வொரு படியாக ஏறுங்கள். எந்தப் படியில் கால் நிற்கவில்லையோ அங்கேதான் கோளாறு.

முதல் கேள்வி: நெட்வொர்க் கார்டு கணினியின் கண்ணுக்குத் தெரிகிறதா? ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதை விரித்தால் வைஃபை, ஈதர்நெட் இரண்டின் பெயரும் இருக்க வேண்டும். பெயரே இல்லை, மஞ்சள் முக்கோணம் நிற்கிறது, 'அன்நோன் டிவைஸ்' என்று எங்கோ ஒன்று கிடக்கிறது என்றால் இது டிரைவர் கோளாறு. மற்ற மூன்று கேள்விகளும் தேவையில்லை.

இரண்டாவது: முகவரி கிடைத்ததா? கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று இடைவெளியில்லாமல் அடியுங்கள். ஐபிவி4 முகவரியும் டிஃபால்ட் கேட்வே முகவரியும் (வீட்டில் அது ரௌட்டரின் முகவரி) வரும். மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை குறியைக் கிளிக் செய்தால் இரண்டும் தெரியும். லினக்ஸில் 'ஐபி ஏ', 'ஐபி ரூட்' என்ற இரண்டு கட்டளைகள். முகவரி 169.254 என்று தொடங்கினால் அதை நன்றாகக் கவனியுங்கள். ரௌட்டரிடம் முகவரி கேட்டு, பதில் வராததால் கணினி தனக்குத் தானே சூட்டிக்கொண்ட எண் அது. அதை வைத்து இணையத்துக்குப் போக முடியாது.

மூன்றாவது: வெளியே போய் வர முடிகிறதா? 'பிங்' என்று அடித்து, இடைவெளி விட்டு, மேலே பார்த்த கேட்வே முகவரியைக் கொடுங்கள். பதில் வந்தால் ரௌட்டர்வரை பாதை சரி. அடுத்து 'பிங் 8.8.8.8'. இது கூகுளின் பொது டிஎன்எஸ் சேவையகம் (தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் முகவரி எண்ணைத் தருவது டிஎன்எஸ்). இதற்கும் பதில் வந்தால் இணையம்வரை பாதை திறந்திருக்கிறது. சில அலுவலக நெட்வொர்க்குகளில் பிங்கைத் தடுத்து வைத்திருப்பார்கள். அங்கே பதில் வராததை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

நான்காவது: பெயரைச் சொன்னால் முகவரி கிடைக்கிறதா? எண்ணுக்கு பிங் போகிறது, தளத்தின் பெயருக்குப் போகவில்லை என்றால் அது டிஎன்எஸ் கோளாறு. வீட்டு எண் தெரிந்தும் பெயர்ப் பதிவேடு தொலைந்துபோன நிலை.

நான்கும் சரியாக இருந்தும் விண்டோஸ் 'நோ இன்டர்நெட்' என்று காட்டுவது உண்டு. விண்டோஸ் தன் பங்குக்கு மைக்ரோசாஃப்ட்டின் ஒரு சிறு சோதனைக் கோப்பைக் கேட்டுப் பார்த்து, அது வந்ததா இல்லையா என்பதை வைத்தே அந்தக் குறியைப் போடுகிறது. விபிஎன்னோ ஃபயர்வாலோ (நெட்வொர்க் வழியே எது வரலாம், போகலாம் என்று தீர்மானிக்கும் காவல்) விளம்பரத் தடுப்பியோ அந்தக் கோப்பை மறித்துவிட்டால் குறி பொய் சொல்லும். குறியை நம்பாமல் உலாவியில் ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள்.

கார்டு தெரியவில்லை, அல்லது அடிக்கடி விட்டுப்போகிறது

டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயரை இரட்டைக் கிளிக் செய்து டிரைவர் தாவலுக்குப் போங்கள். 'ரோல் பேக் டிரைவர்' பொத்தான் உயிரோடு இருந்தால் அதுவே நேர்வழி. பொத்தான் மங்கியிருந்தால் பழைய டிரைவர் அங்கே சேமிக்கப்படவில்லை என்று பொருள். அப்போது 'அப்டேட் டிரைவர்', பிறகு 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்', பிறகு 'லெட் மீ பிக்' என்று போனால், கணினியில் ஏற்கெனவே இருக்கும் வேறு பதிப்புகள் பட்டியலாக வரும். ஒன்று பழையதாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் டெதரிங்கில் இணைந்து, மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்குங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்ற பெயரில் வரும் இலவச மென்பொருள்களின் பக்கம் போகவே வேண்டாம். எது உங்கள் கார்டுக்கு உரியது என்று அவற்றுக்கும் நிச்சயமில்லை. பல, தேவையில்லாத சாமான்களையும் உடன் ஏற்றிவிடும்.

இணைப்பு வருகிறது, சற்று நேரம் சும்மா விட்டால் போய்விடுகிறது என்றால் அதே ஜன்னலில் 'பவர் மேனேஜ்மென்ட்' தாவலைப் பாருங்கள். மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற அனுமதிப் பெட்டி இருக்கும். புது டிரைவர் வரும்போது இது மறுபடி டிக் ஆகியிருக்கலாம். டிக்கை எடுத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள்.

லினக்ஸில் கெர்னல் (இயங்குதளத்தின் கரு) புதிதானதும் வைஃபை போனால், பயப்படாமல் கணினியை மறுபடி எழுப்பி, தொடக்கத்தில் வரும் கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் வைஃபை வந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. பிராட்காம் போன்ற சில கார்டுகளின் டிரைவர் கெர்னலோடு வருவதில்லை. ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் தனியாகக் கட்டப்பட வேண்டும். அதற்குத் தேவையான ஹெடர் தொகுப்பு நிறுவப்படாமல் இருந்தால் கட்டுமானம் சத்தமில்லாமல் நின்றுவிடும். அந்தத் தொகுப்பை நிறுவி டிரைவரை மறுபடி நிறுவினால் போதும்.

169.254 வந்தால்

வைஃபை பட்டியலில் அந்த நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' கொடுத்து, கடவுச்சொல்லோடு மறுபடி இணையுங்கள். போதவில்லை என்றால் 'ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்', பிறகு 'ஐபிகான்ஃபிக் /ரினியூ'. சர்வீசஸ் ஜன்னலில் 'டிஹெச்சிபி கிளையன்ட்' (ரௌட்டரிடம் முகவரி கேட்டு வாங்கும் சேவை) ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

இங்கே புதியவர்கள் அறியாத ஒரு காரணமும் உண்டு. கைப்பேசிகளும் மேக்குகளும் இப்போது தங்கள் உண்மையான மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண், ஆப்பிளின் மேக்குக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை) மறைத்து, நெட்வொர்க்குக்கு ஒன்றாகப் போலி முகவரியைக் காட்டுகின்றன. ஆப்பிள் இதை 2020-இல் ஐஓஎஸ் 14-இல் கொண்டுவந்தது. 2024-இல் மேக் கணினிகளின் இயங்குதளமான மேக்ஓஎஸ் செக்வோயாவிலும் வந்தது. குறிப்பிட்ட மேக் முகவரிகளை மட்டும் அனுமதிக்கும்படி உங்கள் ரௌட்டரை வைத்திருந்தால், அப்டேட்டுக்குப் பிறகு உங்கள் சாதனமே அந்நியனாகிவிடும். அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' வசதியை அணைத்துவிடலாம்.

பெயருக்கு முகவரி கிடைக்காவிட்டால்

'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்' பழைய பதிவுகளை அழிக்கும். பிறகு டிஎன்எஸ் முகவரியைக் கையால் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று கொடுத்துப் பாருங்கள். அதில் ஓடினால் ரௌட்டர் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. கையோடு ப்ராக்ஸி (உலாவிக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் இடைச் சேவையகம்) அமைப்பையும் பாருங்கள்: எப்போதோ நீக்கிய விபிஎன் தன் ப்ராக்ஸி முகவரியை விட்டுப்போயிருந்தால் உலாவி மட்டும் திறக்காது, மற்றவை ஓடும். கணினியின் தேதியும் நேரமும் தவறியிருந்தால் ஏறக்குறைய எல்லாத் தளங்களும் சான்றிதழ்ப் பிழை காட்டும். அதைச் சரிசெய்ய நேரத்தைத் திருத்தினாலே போதும்.

இணையம் உண்டு, பிரிண்டரும் பகிர்ந்த ஃபோல்டரும் இல்லை

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். இதில் பாதிக்கு மேல் கோளாறே இல்லை. இயங்குதளம் வேண்டுமென்றே ஒரு கதவைச் சாத்தியிருக்கும். எந்தக் கதவு என்று தெரியாமல் எல்லாவற்றையும் திறந்து போடுவதுதான் ஆபத்து.

முதலில் நெட்வொர்க் ப்ரொஃபைல். விண்டோஸ் ஒவ்வொரு நெட்வொர்க்கையும் 'பப்ளிக்' அல்லது 'பிரைவேட்' என்று குறித்து வைக்கிறது. பெரிய அப்டேட்டுக்குப் பிறகோ கார்டு மறுபடி நிறுவப்பட்ட பிறகோ உங்கள் சொந்த வைஃபை புதிய நெட்வொர்க்காகத் தெரிந்து 'பப்ளிக்' ஆகிவிடலாம். அப்போது ஃபயர்வால் மற்ற கணினிகளை உள்ளே விடாது. ஸ்கேனரிலிருந்து ஃபோல்டருக்குக் கோப்பு வராமல் மூன்று நாள் திண்டாடிய ஓர் அலுவலகத்தில், நான் செய்தது வைஃபை ப்ராப்பர்ட்டீஸில் 'பிரைவேட்' என்று மாற்றியது மட்டும்தான். உங்கள் சொந்த நெட்வொர்க்குக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். பொது இடத்து வைஃபை 'பப்ளிக்' ஆகவே இருக்கட்டும்.

அடுத்தது எஸ்எம்பி. விண்டோஸில் ஃபோல்டர் பகிர்வு நடப்பது இந்த நெறிமுறையில்தான். அதன் முதல் பதிப்பான எஸ்எம்பி 1-ஐ, 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் இயல்பாக நிறுவுவதில்லை. பழைய ஸ்கேனர்களும் சேமிப்புப் பெட்டிகளும் (நெட்வொர்க்கில் இணைத்து எல்லோரும் பயன்படுத்தும் வட்டுகள்) அந்த முதல் பதிப்பை மட்டுமே பேசும் என்பதால், கணினியை மேம்படுத்தியதும் அவை ஊமையாகிவிடுகின்றன. எஸ்எம்பி 1-ஐ மறுபடி இயக்கும் வழி எல்லா இடத்திலும் கிடைக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2017 மே மாதத்தில் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை, அந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. சாதனத்தின் ஃபர்ம்வேரை (அதற்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பித்தால் பல சமயம் எஸ்எம்பி 2 வந்துவிடும். அதுவும் இல்லையென்றால் ஸ்கேனை மின்னஞ்சலுக்கோ யூஎஸ்பிக்கோ அனுப்பும் வழியைப் பயன்படுத்துங்கள்.

2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பில் இன்னொரு கதவும் சாத்தப்பட்டது. அதன் ப்ரோ, எண்டர்பிரைஸ் வகைகளில் எஸ்எம்பி இணைப்புகளுக்குக் கையொப்பம் (செய்தி வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதி செய்யும் மின்னணு முத்திரை) கட்டாயமாகிவிட்டது. கடவுச்சொல் இல்லாத 'கெஸ்ட்' நுழைவும் மறுக்கப்படுகிறது. வீட்டுச் சேமிப்புப் பெட்டியைக் கடவுச்சொல் இல்லாமல் திறந்து வைத்திருந்தவர்களுக்கு அது காணாமல் போனது இதனால்தான். பெட்டியில் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கி, எஸ்எம்பி கையொப்பத்தையும் இயக்கி, அந்தப் பெயரில் இணையுங்கள்.

மேக்ஓஎஸ் செக்வோயாவில் ஒவ்வொரு செயலியும் உள் நெட்வொர்க்கைத் தொட உங்களிடம் அனுமதி கேட்கும். அப்டேட் முடிந்த வேகத்தில் 'வேண்டாம்' என்று அழுத்தியிருப்பீர்கள். சிஸ்டம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'லோக்கல் நெட்வொர்க்' போய் அந்தச் செயலிக்கு அனுமதி கொடுங்கள்.

விபிஎன்னும் அலுவலக வைஃபையும்

விபிஎன் மென்பொருள்களும் ஆன்டிவைரஸும் நெட்வொர்க் கார்டுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே ஒரு வடிகட்டியைச் செருகிக்கொள்கின்றன. இயங்குதளம் மாறும்போது அந்த வடிகட்டி பொருந்தாமல் போனால் மொத்த இணைப்பும் நிற்கும். 2015-இல் விண்டோஸ் 10-க்கு மாறிய பலருக்கு வைஃபை பட்டியலே வெறுமையாகிப் போனதற்குக் காரணம், அதில் ஓடாத பழைய விபிஎன் மென்பொருள்கள்தான். ஆகவே இவற்றை ஒவ்வொன்றாக முழுமையாக நீக்கி, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். இணைப்பு வந்தால் அந்த மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவுங்கள். 'டிஸேபிள்' கொடுத்துவிட்டுச் சோதித்தது சோதனையாகாது. வடிகட்டி அங்கேயேதான் இருக்கும்.

சில நேரம் தவறு அப்டேட்டிலேயே இருக்கும். 2022 ஜனவரி அப்டேட் விண்டோஸின் எல்2டிபி வகை விபிஎன்களை முடக்கியது. சில நாட்களில், ஜனவரி 17 அன்று, மைக்ரோசாஃப்ட் தனித் திருத்தம் வெளியிட்டது. 2024 செப்டம்பரில் செக்வோயா வந்தபோதும் சில பாதுகாப்பு மென்பொருள்களோடு மோதல் ஏற்பட்டு, 15.0.1 பதிப்பில் திருத்தினார்கள்.

வீட்டு வைஃபை ஓடுகிறது, பயனர் பெயர் கேட்கும் அலுவலக வைஃபை மட்டும் மறுக்கிறது என்றால் உங்கள் கணினியை நோண்டுவதில் பயனில்லை. உபுண்டு (ஒரு லினக்ஸ் வகை) 22.04-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 என்ற குறியாக்க மென்பொருள் வந்ததும், பழைய முறையில் சரிபார்க்கும் வைஃபைகள் இணைய மறுத்தன. விண்டோஸ் 11 எண்டர்பிரைஸின் 22ஹெச்2 பதிப்பில் கடவுச்சொற்களைக் காக்கும் 'கிரெடென்ஷியல் கார்ட்' என்ற பாதுகாப்பு வசதி இயல்பாக இயங்கத் தொடங்கியதும், சேமித்த கடவுச்சொல்லை வைத்து நுழையும் பழைய வழி அடைபட்டது. இவற்றைச் சரிசெய்ய வேண்டியது சேவையகத்தின் பக்கம். நிர்வாகியிடம் பதிப்பு எண்ணோடும் பிழைச் செய்தியோடும் போங்கள்.

கடைசி ஆயுதங்கள்

அறுந்த இடம் தெரிந்தும் சரியாகவில்லை என்றால், வலி குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். ஒன்றைச் செய்து, ரீஸ்டார்ட் செய்து, சோதித்து, தாளில் எழுதிய பிறகே அடுத்தது.

1. உங்கள் கேபி எண்ணை மைக்ரோசாஃப்ட்டின் 'ரிலீஸ் ஹெல்த்' பக்கத்தில் தேடுங்கள். தெரிந்த கோளாறாக இருந்தால் அங்கே மாற்று வழியும் இருக்கும்.

2. நிர்வாகி உரிமையோடு திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் 'நெட்எஸ்ஹெச் வின்சாக் ரீசெட்' (முதல் சொல் 'நெட்' என்பதோடு எஸ், ஹெச் எழுத்துகள் சேர்ந்தது). வடிகட்டிகள் விட்டுப்போன குப்பையை இது துடைக்கும்.

3. செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்', அதற்குள் 'நெட்வொர்க் ரீசெட்'. எல்லாக் கார்டுகளையும் நீக்கி மறுபடி நிறுவும். விபிஎன்னை மறுபடி அமைக்க வேண்டியிருக்கும், ப்ரொஃபைல் 'பப்ளிக்' ஆகலாம். வைஃபை கடவுச்சொல்லும், கையால் கொடுத்த ஐபி, டிஎன்எஸ் எண்களும் கையில் இருந்தால் மட்டும் இதைத் தொடுங்கள்.

4. அப்டேட் ஹிஸ்டரியின் கீழே 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' வழியாக அந்த அப்டேட்டை நீக்குங்கள். இணைப்பு வந்துவிட்டால் அப்டேட்டுதான் காரணம் என்று உறுதி. ஆனால் அது அடைத்த பாதுகாப்பு ஓட்டைகளும் கூடவே திறக்கின்றன என்பதை மறக்காதீர்கள். அப்டேட்டைச் சில வாரங்களுக்கு மட்டும் நிறுத்தி வையுங்கள். விண்டோஸ் அதிகபட்சம் 35 நாள் அனுமதிக்கிறது. அதற்குள் பெரும்பாலும் திருத்தம் வந்துவிடும்.

5. ஃபீச்சர் அப்டேட் என்றால், ரிகவரி பக்கத்தில் 'கோ பேக்' பொத்தான் பொதுவாக 10 நாள்தான் இருக்கும். எட்டாவது நாளிலும் கோளாறு தீரவில்லை என்றால் அன்றே முடிவெடுங்கள். முன்னதாகக் கோப்புகளை வேறு வட்டில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மேக்கில் இப்படி ஒரு பொத்தான் இல்லை. வட்டை அழித்துப் பழைய பதிப்பை மறுபடி நிறுவி, அப்டேட்டுக்கு முன் எடுத்த டைம் மெஷின் (மேக்கின் நகல் வசதி) நகலிலிருந்து கோப்புகளை மீட்பதுதான் திரும்பிப் போகும் வழி.

எல்லாம் சரியான அன்றே அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இப்போது ஓடும் வைஃபை டிரைவரின் பதிப்பு எண்ணைக் குறித்து, அதன் நிறுவல் கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள். 'ஐபிகான்ஃபிக் /ஆல்' கட்டளையின் வெளியீட்டைப் படம் எடுத்து, பிரிண்டரின் ஐபி முகவரியையும் விபிஎன் அமைப்புகளையும் அதே தாளில் எழுதி, பென் டிரைவோடு சேர்த்து வையுங்கள். இணையம் இல்லாத நேரத்தில் எட்டி எடுக்க முடிகிற இடமாக அது இருக்கட்டும்.